பெர்சிபொலிஸ் களிமண் ஏடுகளும் ஏலாமிய மொழியும்

முன்னுரை

ஒரு பேரரசின் வரலாற்றை அதன் பகைவர் எழுதிவைத்த நூல்களைக் கொண்டே அறிய நேரின், அவ்வரலாறு எத்துணை நடுநிலை உடையதாதல் கூடும்? பண்டைப் பாரசீகத்தின் அக்கேமேனியப் பேரரசைப் பொறுத்தவரை நெடுங்காலம் இந்நிலையே நிலவியது. கி. மு. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் சைரஸ் மன்னனால் தோற்றுவிக்கப்பெற்று, கி. மு. 330இல் அலெக்சாந்தரின் படையெடுப்பால் வீழ்ந்த அப்பேரரசு, மேற்கே ஈசியன் கடற்கரை முதல் கிழக்கே சிந்து ஆற்றின் கரை வரை பரந்து கிடந்தது. எனினும், அதனைப் பற்றிய செய்திகளுள் பெரும்பாலானவை எரோடோட்டஸ், செனபோன் முதலிய கிரேக்க ஆசிரியர் வாயிலாகவே நமக்குக் கிடைத்தன. பாரசீக மன்னர் தாமே பொறித்த கல்வெட்டுகளோ மிகச் சில. அவையும் மன்னர்தம் குலத்தையும் கொற்றத்தையும் கட்டிய மாளிகைகளையும் எடுத்துரைப்பனவேயன்றி, அம்மாளிகைகளைக் கட்டிய தொழிலாளர் உண்டது எவ்வளவு, அவர்க்கு அளந்தவர் யாவர், அவ்வளவைக் கணக்கிற் பதித்தவர் யாவர் என்பனவற்றை உரைப்பன அல்ல.

இக்குறையைப் பெரிதும் நீக்கியவை 1933ஆம் ஆண்டில் பெர்சிபொலிஸ் அகழாய்வில் வெளிப்பட்ட களிமண் ஏடுகள் ஆகும். இவை அரசன் புகழ் பாட எழுந்தவை அல்ல. பிற்காலத்தார் படிக்க வேண்டும் என்னும் எண்ணத்தோடு எழுதப்பட்டவையும் அல்ல. தானியமும் மதுவும் ஆடும் வழங்கியமைக்கு எழுதப்பட்ட வெறும் பற்றுச்சீட்டுகளே இவை. ஆயினும், இவற்றின் மதிப்பு அந்த எளிமையிலேயே அடங்கியுள்ளது. மேலும், பாரசீகப் பேரரசின் நடுவிடத்தில் எழுதப்பட்ட இவ்வேடுகளுள் மிகப் பெரும்பாலானவை பாரசீக மொழியில் அமையாமல் ஏலாமிய மொழியில் அமைந்துள்ளன. இம்மொழியைத் திராவிட மொழிகளோடு உறவுடையதாகக் காட்ட முயன்ற ஆய்வுகள் சில உள ஆதலின், தமிழ் பயில்வோர் இதன்கண் கருத்துச் செலுத்துதல் இன்றியமையாததாகின்றது. இவ்வேடுகள் கிடைத்த வரலாறு, அவை கூறும் செய்திகள், அவற்றின் மொழி பற்றிய ஆய்வின் இன்றைய நிலை ஆகியவற்றை இக்கட்டுரையில் முறையே காண்போம்.

ஏலாம் நாடு

இன்றைய ஈரானின் தென்மேற்குப் பகுதியில், மெசொபொத்தாமியச் சமவெளியை ஒட்டிய தாழ்நிலமும் அதன் கிழக்கே உயர்ந்து செல்லும் சாக்ரோஸ் மலைநாடும் சேர்ந்ததே பண்டை ஏலாம் ஆகும். தாழ்நிலத்திற்குச் சூசா நகரும், மலைநாட்டிற்கு அன்சான் நகரும் தலைமை பூண்டிருந்தன. ஏலாமிய மன்னர் தம்மை 'அன்சான், சூசா ஆகியவற்றின் அரசன்' என்று கூறிக்கொண்டமையால் இவ்விரு நிலப்பகுதிகளின் இணைப்பே அவ்வரசின் அடிப்படை என்பது போதரும்.

ஏலாமியர் சுமேரியருக்கும் அக்காதியருக்கும் அண்டையர். பல வேளைகளில் பகைவர். சில வேளைகளில் அவர்க்கு அடங்கியவர். கி. மு. 12ஆம் நூற்றாண்டில் சுத்ருக்-நகுந்தே என்னும் ஏலாமிய மன்னன் பாபிலோனிய நாட்டின்மேற் படையெடுத்து வென்று, அங்கிருந்த நினைவுக் கற்கள் பலவற்றைச் சூசாவிற்குக் கொணர்ந்தான். அம்முராபியின் சட்டங்கள் பொறித்த புகழ்பெற்ற கல் பாபிலோனிற் கிடைக்காமல் சூசாவில், பிரெஞ்சு நாட்டார் நிகழ்த்திய அகழாய்வில், 1901-02இல் கிடைத்தமைக்கு இதுவே காரணம். சோகா சன்பிலில் உந்தாசு-நபிரிசா எழுப்பிய படிநிலைக் கோயில், ரோமன் கிர்ஷ்மன் தலைமையில் 1951 முதல் 1962 வரை அகழ்ந்து ஆராயப்பட்டது. அதன் செங்கற்களிற் பொறிக்கப்பட்ட வாசகங்கள் ஏலாமிய மொழி ஆய்விற்குப் பெருந்துணை புரிந்தன.

அசீரிய மன்னன் அசூர்பனிபால் கி. மு. 7ஆம் நூற்றாண்டில் சூசாவைச் சூறையாடினான். ஏலாமியரின் அரசியற் பெருமை அத்துடன் சாய்ந்தது எனினும், அவர்தம் மொழியும் கணக்கெழுதும் மரபும் அழிந்தில. அவற்றை எடுத்தாண்டவர் அந்நிலத்திற்குப் பின்னர் உரிமை பூண்ட பாரசீகரே ஆவர்.

ஆப்பெழுத்தும் பெகிசுதூன் கல்வெட்டும்

மேற்கு ஈரானில் பெகிசுதூன் என்னும் குன்றின் செங்குத்தான முகப்பில் முதலாம் தாரியஸ் தன் வெற்றியைப் பழம் பாரசீகம், ஏலாமியம், பாபிலோனியம் என்னும் மும்மொழியிலும் பொறித்துவைத்தான். மூன்றும் ஆப்பு வடிவக் குறிகளால் ஆனவை. ஆனால் மூன்றும் வெவ்வேறு எழுத்துமுறைகள். செருமானிய அறிஞர் குரோடெபெண்ட் 1802இல் பெர்சிபொலிஸ் கல்வெட்டுகளைக் கொண்டு பழம் பாரசீக எழுத்துகள் சிலவற்றை இனங்கண்டார். ஆங்கிலேயராகிய ஹென்றி ராலின்சன் 1835 முதல் பெகிசுதூன் குன்றிற் பன்முறை ஏறிக் கல்வெட்டைப் படியெடுத்து, பழம் பாரசீகப் பகுதியை 1846-47இல் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதனைத் துணையாகக் கொண்டு இரண்டாம் மொழிப் பகுதியை எட்வின் நாரிஸ் 1855இல் ஆராய்ந்து வெளியிட்டார்.

அக்காலத்தில் இவ்விரண்டாம் மொழி எந்த மக்களுடையது என்பது தெளிவாகவில்லை. சிலர் அதனைச் 'சித்திய மொழி' என்றனர். சிலர் மீதியரின் மொழி என்றனர். சிலர் சூசாவின் மொழி என்றனர். நாரிசின் ஆய்வு வெளிவந்த மறு ஆண்டில், அஃதாவது 1856இல், கால்டுவெல் ஐயர் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவர் திராவிட மொழிகளைச் சித்தியக் குடும்பத்தொடு சேர்க்கும் கொள்கையுடையராதலின், பெகிசுதூன் கல்வெட்டின் இரண்டாம் மொழியையும் தம் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொண்டார். எனவே, ஏலாமியத்தையும் தமிழையும் அருகருகே வைத்து நோக்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. திராவிட ஒப்பிலக்கணம் பிறந்தபொழுதே உடன் பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. சித்தியக் குடும்பம் என்னும் கொள்கை பின்னர்க் கைவிடப்பட்டது. ஏலாமிய ஒப்பீடோ வேறு வடிவில் மீண்டும் எழுந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஏடுகள் கிடைத்த வரலாறு

சீராஸ் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், மர்வ்தசுத் சமவெளியின் ஓரத்தில், மலையடிவாரத்தை வெட்டிச் சமன் செய்து அமைத்த பெருந்தளத்தின்மீது பெர்சிபொலிஸ் நிற்கின்றது. இதனைக் கட்டத் தொடங்கியவன் முதலாம் தாரியஸ் (கி. மு. 522-486). அவன் மகன் செர்க்சிசும் பெயரன் முதலாம் அர்த்தசெர்க்சிசும் பணியைத் தொடர்ந்தனர். கி. மு. 330இல் அலெக்சாந்தரின் படையினர் இம்மாளிகைகளுக்குத் தீ மூட்டினர்.

சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1931 முதல் 1939 வரை இங்கு அகழாய்வு நடத்தியது. முதலில் எர்ன்ஸ்ட் ஹெர்ஸ்பெல்ட்டும், பின்னர் எரிக் ஷ்மிட்டும் அதற்குத் தலைமை தாங்கினர். 1933இல் ஹெர்ஸ்பெல்ட் தளத்தின் வடகிழக்கு மூலையில், அரண்மதிலை ஒட்டிய சிற்றறைகளில், ஏடுகளும் துண்டுகளுமாக 20,000க்கு மேற்பட்டவற்றைக் கண்டெடுத்தார். அரண்மதிலின்கண் கிடைத்தமையால் இவை 'அரண் ஏடுகள்' எனப் பெயர் பெற்றன. பின்னர் ஷ்மிட் கருவூலக் கட்டடத்தை அகழ்ந்தபொழுது வேறொரு தொகுதி வெளிப்பட்டது. அவை 'கருவூல ஏடுகள்' எனப்படும்.

அரண் ஏடுகள் தாரியசின் 13ஆம் ஆட்சியாண்டு முதல் 28ஆம் ஆட்சியாண்டு வரை, அஃதாவது கி. மு. 509 முதல் 493 வரை எழுதப்பட்டவை. கருவூல ஏடுகள் கி. மு. 492 முதல் 457 வரையிலான காலத்தன. அரண் ஏடுகள் தானியமும் மதுவும் ஆடும் பற்றிப் பேச, கருவூல ஏடுகள் பெரும்பாலும் வெள்ளியாகக் கொடுத்த கூலியைப் பற்றிப் பேசுகின்றன. ஆட்டிற்கும் மதுவிற்கும் ஈடாக இத்துணை நிறை வெள்ளி என்று அவை குறித்தல், பண்டமாற்றுக் கூலி மெல்ல மெல்ல வெள்ளிக் கூலியாக மாறிய நிலையைக் காட்டுகின்றது.

கருவூல ஏடுகளை ஜார்ஜ் கேமரன் 1948இல் பதிப்பித்தார். அரண் ஏடுகளைப் படிக்கும் பணியைத் தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டவர் ரிச்சர்ட் ஹாலக். அவர் 2,087 ஏடுகளை 1969இல் ஒரே நூலாக வெளியிட்டார். இன்றளவும் ஏலாமிய ஏட்டாய்விற்கு அடிப்படையாக விளங்குவது அப்பதிப்பே.

ஏடுகளின் அமைப்பும் கணக்குமுறையும்

இவ்வேடுகளுட் பல உள்ளங்கையில் அடங்கும் அளவின. முடிச்சிட்ட கயிற்றைச் சுற்றி ஈரக் களிமண்ணைப் பிடித்து, ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் வளைவாகவும் அமைத்து, நாணற்கோலால் எழுத்துகளை அழுத்தி, இறுதியில் முத்திரை உருட்டினர். கயிற்றின் இரு முனைகளும் ஏட்டின் தட்டை ஓரத்து மூலைகளில் வெளிவந்திருக்கும். கயிறு மக்கியழிந்து போயினும் அது சென்ற துளை இன்றும் காணப்படுகின்றது.

ஹாலக் இவ்வேடுகளை அவற்றின் பொருள் நோக்கிப் பல வகைகளாகப் பிரித்தார். பண்டம் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லப்பட்டமை, திங்கள்தோறும் தொழிலாளர்க்கு அளந்தமை, வழிச்செல்வோர்க்குக் கட்டுச்சோறு அளந்தமை, தெய்வங்கட்குப் படையல் கொடுத்தமை, அரச குடும்பத்தாரின் உணவுச் செலவு, அலுவலர் எழுதிய ஆணைமடல்கள் என்பன அவ்வகைகளுட் சில.

இவற்றின் இயக்கத்தை நோக்குவார்க்கு ஒரு சீரிய ஆட்சிமுறை புலனாகும். சிற்றூர்க் களஞ்சியத்தில் ஒருவர்க்குத் தானியம் அளந்தவுடன் அங்கேயே ஒரு சிறிய ஏடு எழுதப்பட்டது. கொடுத்தவர் முத்திரையும் பெற்றவர் முத்திரையும் அதில் இடம் பெற்றன. இவ்வாறு பல ஊர்களிலும் எழுதிய சிற்றேடுகள் பெர்சிபொலிசிற்குக் கொணரப்பட்டன. அங்கு அவற்றை ஒன்றுசேர்த்துப் பேரேடுகளிற் பதிந்தனர். ஆண்டிறுதியில் ஒவ்வோர் ஊரின் வரவு, செலவு, இருப்பு ஆகியவற்றைக் கூட்டிக் கணக்கு முடித்தனர். எனவே, நமக்குக் கிடைத்துள்ளவை தனித்தனிச் சீட்டுகள் அல்ல. ஓர் ஆட்சிப்பணிமனை முழுவதன் கணக்குத் தொகுதி என்க. எழுத்தே இல்லாமல் முத்திரை மட்டும் பதித்த ஏடுகளும் ஆயிரக்கணக்கில் உள்ளமை, படிக்க அறியாதாரும் இம்முறையிற் பங்குகொள்ள இயன்றது என்பதற்குச் சான்றாகலாம்.

ஏடுகள் கூறும் வாழ்க்கை

ஏலாமியத்தில் 'குர்தசு' எனப்பட்ட தொழிலாளர் கூட்டத்தார் இவ்வேடுகளில் மிகுதியாகக் குறிக்கப்பெறுகின்றனர். ஆடவர், மகளிர், சிறுவர், சிறுமியர் எனப் பகுத்து, ஒவ்வொருவர்க்கும் இத்துணை அளவு என்று கணக்கு எழுதப்பட்டுள்ளது. எகிப்தியர், பாபிலோனியர், அயோனியக் கிரேக்கர், காரியர் எனப் பல நாட்டினர் இவருள் இருந்தனர். வளர்ந்த ஆடவர் ஒருவர்க்குத் திங்களுக்கு மூன்று 'பார்' தானியம் அளப்பது பொது வழக்கமாகக் காணப்படுகின்றது. ஒரு 'பார்' ஏறத்தாழ 10 லிட்டர் கொள்ளும். ஆதலின் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தானியமே அவர்தம் உணவு என்று கணக்கிடலாம்.

இவ்வளவோடு உயர்ந்தோர் பெற்ற அளவை ஒப்பிடுதல் வேண்டும். பெர்சிபொலிசுப் பகுதியின் தலைமை ஆட்சியாளனாக விளங்கிய பர்னாக்கன் என்பான் நாளொன்றுக்கு 2 ஆடும், 9 'மர்ரிசு' மதுவும், 18 'பார்' மாவும் பெற்றான். இம்மாவின் அளவு தொழிலாளர் 180 பேரின் ஒருநாள் தானியத்திற்கு ஒப்பாகும். ஒருவன் இதனைத் தானே உண்டிருத்தல் இயலாது. அவனைச் சார்ந்து உடன் வாழ்ந்த பரிவாரத்தார் அனைவர்க்கும் உரிய பங்கு என்று கொள்வதே பொருந்தும். அவனுக்கு அடுத்த நிலையில் இருந்த சிச்சவிசு என்பான் 6 'பார்' மாவே பெற்றான். படிநிலை சிறிதும் பிறழாமல் அளவுகள் வகுக்கப்பட்டிருந்தன என்பது இதனால் விளங்கும்.

மகளிர் நிலை பற்றி இவ்வேடுகள் தரும் செய்திகள் கிரேக்க நூல்கள் தருவனவற்றினும் நம்பத்தக்கன. குழந்தை ஈன்ற மகளிர்க்குத் தனிப்பங்கு அளக்கப்பட்டது. ஆண்மகவு ஈன்றாள் பெற்ற பங்கு பெண்மகவு ஈன்றாள் பெற்றதினும் இருமடங்காக இருந்தது. இவ்வேற்றுமை வருந்தத்தக்கதே எனினும், உழைக்கும் மகளிர்க்கு மகப்பேற்றின்போது அரசு பங்கு அளந்தது என்னும் செய்தி அக்கால நாடுகளின் வரலாற்றில் அரிதாகக் கிடைப்பது. மேலும், மகளிர் கூட்டங்கட்கு மகளிரே தலைமை தாங்கினர். 'அரச்சரா' எனப்பட்ட அத்தலைவியர் திங்களுக்கு 5 'பார்' தானியம் பெற்றனர். இது பொதுநிலை ஆடவர் பெற்றதினும் மிகுதி.

அரச மகளிரும் இவ்வேடுகளில் உயிர்பெற்று உலவுகின்றனர். தாரியசின் மனைவியருள் ஒருத்தியாக எரோடோட்டஸ் கூறும் அர்த்திசுதோனே, ஏலாமிய ஏடுகளில் 'இர்தசுதுனா' என்று வருகின்றாள். அவளுக்கு 100 ஆடுகள் கொடுக்குமாறு அரசன் ஆணையிட்டதாகப் பர்னாக்கன் எழுதுவித்த மடல் கிடைத்துள்ளது. கிரேக்க ஆசிரியர் ஒருவர் கூறிய பெயர், அவர் பிறப்பதற்கு முன்னரே எழுதிப் புதைந்துபோன களிமண்ணில் அரச ஆணையோடு காணப்படுதல் வரலாற்று ஆய்வாளர்க்குப் பேருவகை தருவதாகும். பர்னாக்கன் தன் முத்திரையை மாற்றியபொழுது, பழைய முத்திரை இனிச் செல்லாது என்றும் புதியதே தனக்கு உரியது என்றும் கி. மு. 500இல் அறிவித்த மடலும் உண்டு. போலிச் சீட்டினைத் தடுக்க அவ்வாட்சியினர் கொண்ட விழிப்பு இதனாற் புலனாகும்.

வழிச்செல்வோர் பற்றிய ஏடுகள் பேரரசின் பரப்பைக் காட்டுகின்றன. 'அல்மி' எனப்படும் முத்திரையிட்ட வழிச்சீட்டைக் காட்டுவோர்க்கு வழியிலுள்ள களஞ்சியங்களில் உணவு அளக்கப்பட்டது. சார்டிஸ், பாக்திரியா, அரக்கோசியா, 'இந்துசு' எனப்பட்ட சிந்துவெளி ஆகிய இடங்களினின்று சூசாவிற்கும் பெர்சிபொலிசிற்கும் வந்து சென்றோர் பலர். அரக்கோசியாவின் தலைநகராகிய பழைய கந்தகாரிலும் ஏலாமிய ஏட்டின் துண்டுகள் அகழாய்வில் வெளிப்பட்டன. எனவே, ஏலாமியக் கணக்குமுறை ஈரானின் தென்மேற்கு மூலையோடு நில்லாமல் இந்திய எல்லையை அடுத்த பகுதி வரை எட்டியிருந்தது என்று துணியலாம்.

சமயநிலையிலும் இவ்வேடுகள் பழைய கருத்தொன்றைத் திருத்தியுள்ளன. தாரியசின் கல்வெட்டுகளைப் படிப்போர், அகுரமசுதாவே பாரசீகரின் தனிப்பெருந் தெய்வம் என்று கருதுவர். ஏடுகளிலோ, ஏலாமியரின் பழந்தெய்வமாகிய உம்பனுக்கும், மெசொபொத்தாமியரின் அதத் என்னும் தெய்வத்திற்கும், மலைகட்கும், ஆறுகட்கும் அரசுக் களஞ்சியத்தினின்றே படையல் சென்றது. உம்பன் பெற்ற படையல் அகுரமசுதா பெற்றதினும் மிகுதி. அரசன் பாறையிற் கூறுவதும் அரசின் கணக்கர் களிமண்ணிற் கூறுவதும் ஒன்றல்ல என்பது இதனாற் பெறப்படும்.

பாரசீகர் ஏலாமியத்தில் எழுதியது ஏன்?

அரண் ஏடுகளுள் அரமேய மொழியில் அமைந்தவை நூற்றுக்கணக்கில் உள. கிரேக்கத்தில் அமைந்தது ஒன்று. பிரிகிய மொழியில் ஒன்று. பழம் பாரசீகத்தில் அமைந்த ஓர் ஏட்டை ஸ்டோல்பரும் தவெர்னியரும் 2007இல் வெளியிட்டனர். ஏனைய எழுத்துடை ஏடுகளுட் பெரும்பாலான ஏலாமியமே. ஆள்வோரின் மொழியில் அமைந்தது ஒன்றாக, ஆளப்பட்டோரின் மொழியில் அமைந்தவை ஆயிரக்கணக்கில் இருத்தல் வியப்பிற்குரியதன்றோ?

இவ்வினாவிற்கு விடை காண ஒரு முத்திரை உதவுகின்றது. அரச உணவுச் செலவு ஏடுகளிற் பதிந்துள்ள பழைய முத்திரை ஒன்றில், குதிரைமேல் வந்து பகைவரை வீழ்த்தும் வீரன் உருவமும், 'சிசுபேசின் மகன், அன்சானின் குராசு' என்னும் பொருள்படும் ஏலாமிய வாசகமும் உள்ளன. குராசு என்பது சைரஸ் என்னும் பெயரே. பேரரசைத் தோற்றுவித்த சைரஸ், 1879இல் பாபிலோனிற் கிடைத்த உருளைக் கல்வெட்டில் தன் முன்னோரை 'அன்சானின் அரசர்' என்றே கூறிக்கொள்கின்றான். அன்சான் எங்கே இருந்தது என்பது நெடுநாள் அறியப்படாதிருந்தது. பெர்சிபொலிசிற்கு மேற்கே உள்ள தல்-இ-மலியான் என்னும் மேட்டிற் கிடைத்த ஏலாமியச் செங்கல் வாசகங்களைக் கொண்டு, அதுவே அன்சான் என்று 1970களின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது.

ஆகவே, பாரசீக அரசு பிறந்த நிலம் ஏலாமியரின் பழைய மலைநாடே. அங்குக் குடியேறிய ஈரானிய மொழியினர் ஏலாமியரோடு பல தலைமுறைகள் கலந்து வாழ்ந்தனர். அவர்க்கு எழுத்தும் கணக்கும் கற்பித்தவர் ஏலாமியக் கணக்கரே. ஏலாமியத்தைப் பாரசீகர் கடனாகக் கொண்ட அயல்மொழி என்று கூறுவதினும், அவர்க்குக் கைவந்த மரபுரிமை என்று கூறுதலே பொருத்தமுடைத்து.

இம்மரபுரிமையின் சுவடு ஒரு சொல்லில் இன்றும் வாழ்கின்றது. சுமேரியத்தில் களிமண் ஏட்டைக் குறித்த 'துப்' என்னும் சொல், அக்காதியத்தில் 'துப்பு' என்றும், ஏலாமியத்தில் 'துப்பி', 'திப்பி' என்றும் வழங்கிற்று. அதுவே பழம் பாரசீகத்தில் 'திபி' ஆகிக் கல்வெட்டைக் குறித்தது. அசோகனின் சாபாசுகடிக் கல்வெட்டில் 'திபி' என்னும் வடிவே பயில்கின்றது. ஏனைய இடங்களிலும் வடமொழியிலும் அது 'லிபி' ஆயிற்று. தமிழில் எழுத்தைக் குறிக்க 'இலிபி' என வழங்கிய சொல்லின் வழியைப் பின்தொடர்ந்து செல்வார், இறுதியில் சுமேரியரின் களிமண் ஏட்டையே சென்று சேர்வர்.

ஏலாமியமும் திராவிடமும்

இனி, தமிழாய்வாளர் பெரிதும் அறிய விழையும் பகுதிக்கு வருவோம். அமெரிக்க மொழியியலறிஞர் டேவிட் மெக்கால்பின், ஏலாமியமும் திராவிடமும் ஒரே மூலமொழியினின்று கிளைத்தவை என்னும் கொள்கையை 1974, 1975 ஆகிய ஆண்டுகளிற் கட்டுரைகளாகவும், 1981இல் விரிவான நூலாகவும் வெளியிட்டார். 2015இல் எழுதிய கட்டுரையில், பலூசிசுதானத்திற் பேசப்படும் பிராகுயி மொழியின் இடத்தை இக்கொள்கையின் அடிப்படையில் மீண்டும் ஆராய்ந்தார்.

இக்கொள்கைக்கு ஆதரவாகக் காட்டப்படும் ஒப்புமைகள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஏலாமியப் பெயர்ச்சொற்கள் உயிருடைப் பொருள், உயிரில் பொருள் என்னும் பாகுபாடு உடையவை. இது நம் திணைப் பாகுபாட்டை நினைவூட்டும். அதனினும் சிறந்த ஒப்புமை மற்றொன்று உண்டு. அரசன் என்னும் பொருளுடைய 'சுங்கி' என்னும் சொல், பேசுவோன் தன்னைக் குறிக்கும்போது 'சுங்கிக்' என்றும், படர்க்கை ஒருமையில் 'சுங்கிர்' என்றும், பன்மையில் 'சுங்கிப்' என்றும், அரசுத்தன்மையைக் குறிக்கும்போது 'சுங்கிமே' என்றும் ஈறு கொள்ளும். பெயர்ச்சொல்லே இடங்காட்டும் ஈற்றை ஏற்கும் இவ்வியல்பு, 'நாடனேன்', 'நாடனை', 'நாடன்' என்றாற்போல வரும் தமிழ்க் குறிப்புவினை வடிவங்களை உடன் எண்ணச் செய்கின்றது. முன்னிலைப் பெயராகிய 'நி' தமிழின் 'நீ' என்பதையும், திசைப்பொருளில் வரும் 'இக்கி' என்னும் உருபு நான்காம் வேற்றுமை 'கு' உருபையும் ஒத்துள்ளன.

எனினும், ஒப்புமை வேறு, உறவு வேறு. இரு மொழிகள் ஒரு குடும்பத்தைச் சார்ந்தவை என்று நிறுவ வேண்டுமாயின், அடிப்படைச் சொற்களிடையே ஒழுங்கான ஒலிமாற்ற விதிகள் வகுக்கப்பட வேண்டும். அவ்விதிகள் பல சொற்களில் தவறாது செல்லவும் வேண்டும். இவ்வகையில் ஏலாமிய ஒப்பீடு மூன்று இடர்ப்பாடுகளை எதிர்கொள்கின்றது.

முதலாவது, எழுத்து பற்றியது. ஏலாமியக் கணக்கர் ஆடு, மது, தானியம், மாவு போன்ற அன்றாடப் பொருள்களைச் சுமேரியச் சொற்குறிகளால் எழுதினர். எண்களையும் எண்குறிகளாலேயே எழுதினர். அவற்றை ஏலாமியர் எவ்வாறு வாயாற் கூறினர் என்பதை அக்குறிகள் காட்டா. ஒப்பீட்டிற்கு மிகவும் வேண்டப்படும் சொற்களே இவ்வாறு மறைந்து நிற்கின்றன. மேலும், வல்லோசை மெல்லோசை வேறுபாட்டை அவ்வெழுத்துமுறை தெளிவுறக் காட்டுவதில்லை.

இரண்டாவது, சொற்றொகை பற்றியது. ஏடுகள் ஆயிரக்கணக்கில் இருப்பினும் அவை ஒரே வகைத் தொடர்களையே மீண்டும் மீண்டும் கூறுகின்றன. கல்வெட்டுகளும் அவ்வாறே. பொருள் ஐயமின்றித் துணியப்பட்ட சொற்களின் தொகை அதனாற் குறுகியுள்ளது. ஒரு சொல்லின் பொருளே ஐயத்திற்கு உரியதாயின், அதனைக் கொண்டு செய்யும் ஒப்பீடு எங்ஙனம் உறுதி பெறும்?

மூன்றாவது, காலம் பற்றியது. ஏலாமிய மொழியில் அமைந்த பழைய ஆப்பெழுத்து ஆவணம் கி. மு. மூன்றாம் ஆயிரத்தாண்டினது. அதற்கும் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழ் எழுத்துச் சான்றுகட்கும் இடையே ஒன்றரை ஆயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட இடைவெளி உள்ளது. 'நி', 'கு' போன்ற ஓரசைச் சொற்களும் உருபுகளும் உறவில்லா மொழிகளிலும் தற்செயலாக ஒத்தல் கூடும் ஆதலின், இவ்விடைவெளியை அவற்றைக் கொண்டு மட்டும் கடத்தல் அரிது.

இக்காரணங்களால், திராவிட மொழியியலின் தலைசிறந்த அறிஞருள் ஒருவராகிய பத்ரிராசு கிருஷ்ணமூர்த்தி 2003இல் வெளியிட்ட தம் நூலில், இக்கொள்கை நிறுவப்பட்டதாக ஏற்கவில்லை. ஏலாமியத்தை எக்குடும்பத்தையும் சாராத தனிமொழி என்று கொள்வதே பெரும்பான்மையோர் கருத்து. மெக்கால்பின் காட்டிய ஒப்புமைகள் ஆராயத்தக்கன; முடிந்த முடிபு எனக் கொள்ளத்தக்கன அல்ல. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை மறந்து, ஏலாமியர் தமிழரே என்றும், சூசா தமிழர் நகரே என்றும் எழுதிச் செல்வார், தம் மொழிக்குப் பெருமை தேடுவதாக எண்ணி, அம்மொழியின் ஆய்விற்கே ஊறு செய்தவராவர். பிழையான சான்றால் நிறுத்திய கொள்கை வீழுங்கால், மெய்யான சான்றையும் உடன்கொண்டு வீழும்.

ஏடுகட்கு நேர்ந்த இடரும் மீட்சியும்

1936இல் ஈரான் அரசு இவ்வேடுகளை ஆய்வின்பொருட்டுச் சிக்காகோவிற்குக் கடனாக அனுப்பியது. ஆராய்ந்து முடித்தவற்றைத் திருப்பியனுப்புதல் வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒரு பகுதி 1948இலும், மற்றொரு பகுதி 1951இலும், 300 ஏடுகள் 2004இலும் திரும்பின. அந்நிலையில் எதிர்பாராத வழக்கு ஒன்று எழுந்தது. 1997இல் எருசலேமில் நிகழ்ந்த குண்டுவெடிப்பிற் காயமுற்ற அமெரிக்கர் சிலர், அத்தாக்குதலுக்கு ஈரான் அரசு துணைநின்றது என்று கூறி அமெரிக்க நீதிமன்றத்தில் இழப்பீட்டுத் தீர்ப்புப் பெற்றிருந்தனர். அவ்விழப்பீட்டைப் பெறும்பொருட்டு, சிக்காகோவிலிருந்த ஏடுகளைப் பறிமுதல் செய்ய உரிமை கோரினர்.

துன்புற்றோர் நீதி வேண்டுதல் இயல்பே. ஆயினும், அக்கோரிக்கை நிறைவேறியிருப்பின் ஏடுகள் சந்தையில் ஒவ்வொன்றாக விலை போயிருக்கும். தனியோர் ஏடு கூறுவது யாது? ஓர் ஊரில் ஒருவன் சில படி மாவு பெற்றான் என்பதே. அதே முத்திரை பதிந்த ஏடுகள் பலவற்றை அருகே வைத்து நோக்கும்போதுதான் அவன் யார், எந்த ஊர்களுக்கு அதிகாரி, எவர்க்குக் கீழ்ப்பட்டவன் என்பன விளங்கும். தொகுதி சிதறின் ஏடுகள் எஞ்சும், வரலாறு எஞ்சாது. இவ்விடரை உணர்ந்தே, மேத்யூ ஸ்டோல்பர் தலைமையில் அறிஞர் குழுவினர் வழக்கு நடந்த காலத்திலேயே ஏடுகளை விரைந்து ஒளிப்படம் எடுத்து, மின்வழி யாவரும் காணுமாறு வெளியிடத் தொடங்கினர்.

2018ஆம் ஆண்டு பெப்ருவரி 21ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம், இவ்வேடுகளைக் கைப்பற்றச் சட்டத்தில் இடமில்லை என்று தீர்ப்பளித்தது. அதன்பின் 2019இல் 1,783 ஏடுகளும், 2023இல் 3,506 ஏடுகளும் ஈரானுக்குத் திரும்பின.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பெர்சிபொலிஸ் களிமண் ஏடுகள் பாரசீகப் பேரரசைக் கிரேக்கர் கண்கொண்டு நோக்கும் நிலையினின்று நம்மை விடுவித்தமையும், அப்பேரரசின் வேர் ஏலாமிய நிலத்தில் ஊன்றியமையும், தொழிலாளர், மகளிர், வழிச்செல்வோர் ஆகியோரின் வாழ்வு கணக்கேடுகளின் வாயிலாக வெளிப்பட்டமையும், ஏலாமிய-திராவிட உறவு இன்னும் கொள்கை நிலையிலேயே நிற்றலும் விளங்கும்.

இவ்வுறவை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ விழையும் தமிழாய்வாளர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. அஃது ஏலாமியத்தை நேரே கற்றல். ஏடுகளின் ஒளிப்படங்களும் ஹாலக் முதலியோரின் படிப்புகளும் இன்று எவரும் எளிதிற் பெறத்தக்கனவாக உள்ளன. தொல்காப்பியமும் சங்க நூல்களும் பயின்று பழந்தமிழ் வடிவங்களை நன்கறிந்த ஒருவர், ஏலாமிய ஏடுகளையும் மூலத்திலேயே படிக்க வல்லுநராயின், பிறர் மொழிபெயர்ப்பினின்று இரண்டொரு சொற்களை எடுத்து ஒப்பிடும் நிலை மாறும். அவ்வாய்வின் முடிவு உறவு உண்டு என்பதாயினும் இல்லை என்பதாயினும், அதனைச் சான்றோடு கூறும் தகுதி அன்று நமக்கு வாய்க்கும்.